சட்டை முதுகில் சிவப்பு

"லிப்ஸ்டிக்தான் அக்கா. பார்த்தாலே தெரியலையா?"

தங்கை மேசைமேல் வீசிய வெள்ளைச் சட்டையை அக்கா உருப்பெருக்கிக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். பூச்சி ஆய்வுக்கூடமே கதியென்று கிடப்பவள் அவள். மதிய நேரம். ஜன்னல் வெயிலில் தூசி மெதுவாக நீந்திக்கொண்டிருந்தது.

"எவடி முதுகுல போய் முத்தம் கொடுப்பா? முழங்கையில வேற இருக்கு."

"சிரிக்காதே. இருட்டோட போய் இருட்டோட வர்ற மனுஷன். குளிர்கிடங்குல வேலை. வந்து தொட்டார்னா கை ஐஸ்கட்டியா இருக்கும். ஒரு மாசமா கதகதன்னு இருக்கு. முகம் கொடுத்துப் பேசுறதில்ல, எதையோ நினைச்சுக்கிட்டே இருக்கார். எனக்குத் தூக்கமே போச்சு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். இல்லேன்னா பெட்டியோட உன் வீட்டுக்கு வந்துடுவேன்."

அக்கா சட்டையைத் திருப்பினாள். காலர் மடிப்பை விரித்தவள், "இங்கே வா" என்றாள்.

தங்கை குனிந்து பார்த்தாள். வெள்ளை வெளியில் குண்டூசி முனையளவுச் சிவப்பு ஒன்று பெரிதாகி, எட்டுக் கால்களோடு, எதையோ மறந்துவிட்டுத் தேடுவதுபோல் நடந்தது. உடம்பெல்லாம் மெல்லிய மயிர். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் மறந்தது. எங்கேயோ வெயிலில் சும்மா படுத்திருப்பதுபோல் சுகமாக இருந்தது.

"சிலந்திக்குப் பங்காளி இது. பேன் மாதிரிப் பொடிசு. மகரந்தம் தின்னும். மேலே சாய்ஞ்சா நசுங்கி இப்படிச் சாயம் ஒட்டும். லிப்ஸ்டிக்காம் லிப்ஸ்டிக். உன் புருஷன் அப்பாவிடி."

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையை மடித்தாள்.

"பாவம், மனசுக்குள்ள என்னவெல்லாம் திட்டிட்டேன். ஆமா, இது எங்கே இருக்கும்?"

"கல் பெஞ்சு, மதில் சுவர். உச்சி வெயில்ல கல்லு சுட்டாத்தான் வெளியே வரும். பூங்காவுல போய் உட்கார்ந்து பாரு, கூட்டமா ஓடும். குளிர் மட்டும் ஆகவே ஆகாது."

மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

மறுநாள் விடியும் முன்பே அவன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, "கிடங்குக்கு நேரமாச்சு" என்றான்.

வேலை எப்போது போனது என்று அவள் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பைக்குள், கல் பெஞ்சில் விரித்துக்கொள்ள, ஒரு பழைய துண்டை மட்டும் மடித்து வைத்தாள்.