கருவியைச் செய்தவர்

அருங்காட்சியகக் காப்பாளருக்கு அன்று தலைகால் புரியவில்லை. அந்த ஊரின் முதல் கம்பியில்லாத் தந்திக் கருவியைச் செய்தது பழைய பெயர்ப்பலகையில் இருந்த கணவர் அல்ல, அவர் மனைவிதான் என்று கண்டுபிடித்திருந்தார். அவர்கள் மகன் கொண்டுவந்து கொடுத்த பழைய நோட்டில் படங்களும் கம்பிச் சுற்றுக் கணக்குகளும் அந்த அம்மாளின் கையெழுத்தில்தான் இருந்தன.

புதுப் பெயர்ப்பலகையைக் காட்ட அம்மாளையே வரவழைத்திருந்தார்.

"பாருங்கம்மா, இனிமே உங்க பேர்தான். இத்தனை வருஷமா உங்க உழைப்பை அவர் தன் பேர்ல போட்டுக்கிட்டாரே, கோபமே வரலையா?"

அம்மாள் பலகையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பழைய பலகையையே மாட்டிடுங்க."

"புருஷனை விட்டுக்கொடுக்க மனசு வரலையாக்கும்! வரலாறுன்னா உண்மை வேணாமாம்மா? தான் செஞ்சதா அவர் எப்படிச் சொல்லலாம்?"

"போலீஸ்கிட்டதான் முதல்ல சொன்னார்."

"போலீஸா?" என்றார் காப்பாளர்.

"இதை ஓட்டின ரெண்டாம் நாள், ஆபரேட்டர் ஒருத்தர் ஷாக் அடிச்சுச் செத்துப்போயிட்டார். எர்த் கம்பி கொடுக்க மறந்தது நான். யார் செஞ்ச மெஷின்னு போலீஸ் வந்து கேட்டாங்க. நான் கைக்குழந்தையோட நின்னுட்டிருந்தேன். அவர் 'நான்'னுட்டார். நாலு வருஷம் ஜெயில்ல இருந்தார்."

நேற்று பெய்த மழையைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

காப்பாளர் புதுப் பலகையின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என் பேரைப் போட்டா, அந்த நாலு வருஷமும் வீணாப்போயிடும் சார்."