தணலில் காய்ந்த எலும்பு

“அடுப்புலயா வச்ச? ஒனக்கென்ன கிறுக்கா புள்ள?”

கூட வேலை பார்க்கிற ரத்தினவேலு அண்ணன் கேட்டதும் பொற்கொடி தட்டைக் கீழே வைத்தாள். தட்டில் அந்த மாட்டெலும்பு கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடந்தது.

அகழாய்வுக் குழியில் கிடைக்கிற பழங்கால எலும்புகளைக் கழுவிக் காயவைப்பது அவள் வேலை. இது அன்றைக்குத்தான் மண்ணோடு எடுத்தது, அகழாய்வை நடத்துகிற பரிமளா மேடம் இன்னும் பார்க்கவில்லை. காலையிலிருந்து விடாத தூறல். டீ போட்ட அடுப்பில் தணல் இருந்தது, மேலே வைத்தாள். தூளியில் பிள்ளை அழுதான். பால் கொடுத்துவிட்டு வருவதற்குள் இப்படி.

“சூடு பட்டா எலும்புக்குள்ள இருக்குற சத்தெல்லாம் எரிஞ்சு போயிரும், அப்புறம் அது எந்தக் காலத்து எலும்புன்னே கண்டுபிடிக்க முடியாதுன்னு மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கள்ல?”

“வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்களாண்ணே?”

“வாயத் தொறக்காத. அந்தக் காலத்துலயே கருகுனதுன்னு நெனச்சுக்கட்டும்.”

அப்படியேதான் ஆச்சு. மேடம் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“சுட்ட எலும்பு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி இங்க கறி சுட்டுத் தின்னுருக்காங்கப்பா.”

போனை எடுத்து யார் யாருக்கோ பேசினார்.

அன்றைக்குப் பொற்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பார்க்கிற வேலை வேறெங்கே கிடைக்கும்? ஆனாலும் ஊரையே ஏமாற்றுகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. விடிந்ததும் மேடத்தின் கூடாரத்துக்குப் போனாள்.

“மேடம்... அது அந்தக் காலத்துல சுட்டது இல்லீங்க. நாந்தான் டீ அடுப்புல வச்சிட்டேன்.”

மேடம் எழுந்துபோய்ப் படுதாவை இழுத்து விட்டார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“ரத்தினவேலு அண்ணனுக்குங்க.”

“சரி. மறைக்காம வந்து சொன்ன பாரு, அதுவே பெருசு. ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. போயி மூஞ்சியக் கழுவிட்டு வா.”

போன உயிர் திரும்பிய மாதிரி இருந்தது அவளுக்கு. இந்தம்மா மனசு யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டே குழாயடிக்குப் போனாள்.

முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி திரும்பி வந்தால், குழிமேட்டில் டிவிக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். நடுவில் மேடம், கையில் அந்த எலும்பு. அவளைப் பார்த்ததும் சிரித்தபடி தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். மைக் வாயருகே வந்தது.

“குழிக்குள்ள இது இப்படியே கறுப்பாக் கெடந்தத மொதல்ல பார்த்தது இந்தப் பொண்ணுதான். கூச்சப்படாமச் சொல்லும்மா.”