சேனலை மாற்றுவது யார்?

"எவனோ ஒருத்தன் வெளியில இருந்துக்கிட்டு இந்த ஊட்டு டி.வி.யை மாத்தறானுங்க தம்பி. யாருன்னு எனக்கு இப்பவே தெரியோணும்!"

பொங்கியண்ணன் போட்ட சத்தத்தில், தோளில் மாட்டியிருந்த லேப்டாப் பையை இறக்கவே மறந்துபோய் நின்றான் இன்டர்நெட் கனெக்‌ஷன் பார்க்கும் ஆரோக்கியராஜ்.

வீடு பொங்கியண்ணனுடையது அல்ல, தம்பி திருமூர்த்தியுடையது. கல்யாணம் ஒன்றுக்காக அண்ணன் மூலனூரிலிருந்து வந்து மூன்று நாளாகத் தங்கியிருக்கிறார். நல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் திருமூர்த்தியோ, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி காலமான பிறகு, அவ்வளவு பெரிய வீட்டில் அவர் ஒண்டி ஆள்.

போன வருஷம், அதாவது 2008-ல், அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த மகன் கவின் ஒரு பெட்டி கொண்டுவந்தான். ஹாலில் இருக்கிற டி.வி.யில் ஓடுவதை அப்படியே இன்டர்நெட்டில் அனுப்புகிற பெட்டி. பாஸ்வேர்டு தெரிந்தால் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். சேனலையும் மாற்றலாம். ஆனால் அங்கே மாற்றினால் இங்கே ஹாலிலும் மாறிவிடும். அதற்கு மோடத்தில் வழி திறந்துவிட்டுப் போனவன் ஆரோக்கியராஜ்தான்.

"கவினாத்தான் சார் இருக்கும்."

"காலைல பத்து மணிக்கு மாறுதுங்க. அங்க அப்ப நடுச்சாமம். பையன் தூங்காம உக்காந்து சேனல் மாத்தறானாக்கும்? நியூஸ் ஓடிட்டிருக்கறப்பப் பொசுக்குனு பாட்டுக்குப் போவுது. மூணு நாளும் என்ற கண்ணால பாத்தேனுங்க."

ஆரோக்கியராஜ் லேப்டாப்பில் மோடத்தைத் திறந்து பார்த்தான். பெட்டிக்குள் வந்துபோன முகவரிகள் வரிசையாக இருந்தன. எல்லாமே ஒரே ஏரியா. அமெரிக்கா இல்லை, இங்கேதான், சோமனூர்ப் பக்கம்.

சொல்வதற்கு முன் கவினிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

தூக்கக் கலக்கத்தில் பேசிய கவின், விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனான்.

"அண்ணா, அது அக்காங்கண்ணா. நான்தான் பாஸ்வேர்டு குடுத்தேன்."

"எந்த அக்கா?"

"வர்ஷினி அக்கா. எனக்கு வேற அக்கா ஏதுங்கண்ணா?"

ஆரோக்கியராஜ் சட்டென்று திரும்பினான். திறந்திருந்த கதவு வழியே ஹால் சுவரைப் பார்த்தான். கவினுடைய அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வர்ஷினியின் படம். சந்தன மாலை. கீழே சின்னச் சிவப்பு விளக்கு. போன வருஷம் அதைப் பார்த்துவிட்டு, பாவம் சின்ன வயசு என்று சிலுவை போட்டுக்கொண்டவன் அவன்.

"அவங்க... அவங்க இறந்துட்டாங்கல்ல?"

"கம்பெனில செக்கிங்ல இருந்த தெக்கத்திப் பையனைக் கட்டிக்கிட்டா. அன்னைக்கே பெரியப்பா எங்கப்பாவைத் தலைமுழுக வெச்சுட்டாரு. அந்த மாலையும் அவரு வாங்கியாந்து போட்டதுதான். அண்ணா, அக்கா இருக்கற இடம் மட்டும் பெரியப்பாவுக்குத் தெரியவே கூடாது. உங்க கால்ல வேணா விழறேன்."

உள்ளே வந்து மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான் ஆரோக்கியராஜ். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கா மாலை? அவனும் தெற்கத்திக்காரன்தான். தையல் மெஷினை நம்பி இந்த ஊருக்கு வந்த குடும்பம்.

"என்னுங்க, ஆள் சிக்குனானுங்களா?"

"அமெரிக்கா முகவரிதான் சார் காட்டுது. பெட்டியில ஏதோ கோளாறு."

பொங்கியண்ணன் நம்பியதாகத் தெரியவில்லை.

"அப்படீன்னா பாஸ்வேர்டை மாத்திப்போடுங்க. இப்பவே, எம் முன்னாலயே."

ஆரோக்கியராஜ் திருமூர்த்தியைப் பார்த்தான். பெற்ற மனுஷன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

"அண்ணன் சொல்றபடி பண்ணீருங்க தம்பி," என்றார் திருமூர்த்தி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

சே, இதுவும் ஒரு அப்பனா என்று நினைத்துக்கொண்டான் ஆரோக்கியராஜ். வேறு வழியில்லை. பொங்கியண்ணன் அவன் தோளுக்குமேல் குனிந்து நின்று தன் கார் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அதையே புதுப் பாஸ்வேர்டாகப் போட்டான். சோமனூரில் ஒரு கம்ப்யூட்டரில் இந்நேரம் படம் நின்றுபோயிருக்கும்.

சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்து பைக்கை எடுத்தான். பின்னால் செருப்புச் சத்தம். திருமூர்த்தி.

ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தம்பி, அண்ணன் மத்தியானம் ஊருக்குக் கெளம்பிருவாரு. அதுக்கப்புறம் ஒரு எட்டு வந்து, பழைய பாஸ்வேர்டையே போட்டு உட்டுருங்க."

ஆரோக்கியராஜ் திகைத்துப்போனான்.

"சார்... அப்ப, அது யாருன்னு உங்களுக்கு..."

"நான் நியூஸ் வெப்பேனுங்க. அவ பாட்டுச் சேனலுக்கு மாத்துவா. நான் மறுக்காவும் நியூஸ் வெப்பேன், அவ மறுக்காவும் மாத்துவா." பைக்கின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் திருமூர்த்தி. "ஒரு வருஷமா எம் பொண்ணும் நானும் பேசிக்கறது அது ஒண்ணுதானுங்க தம்பி."