312ஆம் பக்கம்

திரையில் பேராசிரியருடைய வரி நின்றது.

'விதைநெல்லையும் தின்றாயிற்று, துரையவர்களே.'

1877 பஞ்சத்தில் ஒரு கிராம முன்சீப் கலெக்டருக்கு எழுதிய கடிதம். எழுதியவர் முன்சீப் இல்லை. அவர்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் ஆதாரம் குறைந்தது, எழுதிக்கொண்டார். காப்பகத்தில் கறையான் ஏறிய ஒரு தொகுதியைப் பார்த்துவைத்து, அதன் 312ஆம் பக்கம் என்று அடிக்குறிப்பும் போட்டார்.

கறையானை அவ்வளவு நம்பினார்.

இப்போது வரலாற்றுப் பேராசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி. இரண்டு நாள். சான்றிதழ் உண்டு. மதியம் பிரியாணி.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வரி கேட்டார்கள். கொடுத்தவள் ஜெபசீலி. பக்கத்து நாற்காலி. அவருடைய பழைய மாணவி, அந்த வரியை வைத்தே பட்டம் வாங்கியவள்.

பயிற்சி தர வந்த தாரிணி ஒரு பொத்தானைத் தட்டினாள். திரை முழுக்கப் புள்ளிகள். அந்த வரியை எடுத்தாண்ட நூல்கள், கட்டுரைகள். நூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு கிளம்பி, நடுவில் ஒரே புள்ளியில் போய் விழுந்தது.

ஏ.சி. பதினெட்டில் இருந்தது. அவருக்கு முதுகு நனைந்தது.

"அந்தப் புள்ளி எங்க சார்தான் மேடம். இங்கதான் உக்காந்திருக்காவ" என்றாள் ஜெபசீலி.

கைதட்டினார்கள். அவர் எழுந்து கும்பிட்டார்.

"சூப்பர் சார். அப்ப மூலத்தையே பாத்துடலாம். அந்தத் தொகுதியைப் போன மாசம்தான் ஸ்கேன் பண்ணி ஏத்தினாங்க."

திரையில் வட்டம் சுழன்றது.

கல்லூரி இணையம் நகரவே மாட்டேனென்கிறது என்று முதல்வருக்கு ஏழு மனு கொடுத்தவர் அவர். சுழலட்டும் என்று வேண்டிக்கொண்டார். சாயங்காலம் வரை சுழலட்டும்.

இன்றைக்குப் பார்த்து உடனே திறந்தது.

கறையான் ஓரத்தை மட்டும் தின்றிருந்தது. எழுத்தில் வாயே வைக்கவில்லை.

தாரிணி 312 என்று தட்டினாள். எதுவும் வரவில்லை. மறுபடி தட்டினாள்.

மூலையில் சின்னதாக: மொத்தப் பக்கங்கள் 288.

அவள் மைக்கைக் கழற்றி முன்வரிசையில் கொடுத்தாள்.

"சார், பக்க எண்ணை நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்க."

மைக் கைமாறிக் கைமாறி வந்தது. ஜெபசீலி வாங்கினாள். அவள் கண் அந்த மூலையிலேயே இருந்தது.

அவர் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. தன் வாயருகே கொண்டுபோனாள்.