கடைசி வரிசையில் மாப்பிள்ளை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. மின்விசிறிக்கு நேராக உட்காருங்கள். ஒரு காருடைய கதை சொல்கிறேன். காருடைய கதை என்றால் அதில் ஏறி உட்கார்ந்தவர்களுடைய கதைதானே.

அன்று அவன் தன் சொந்தக் காரில் விருந்தாளி மாதிரி கடைசி வரிசையில் ஏறினான்.

வலது கையில் மாவுக்கட்டு, ஓட்ட முடியாது. வெளியூரிலிருந்து வந்திருந்த மச்சினன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். வாயும் வயிறுமாக இருந்த மச்சினன் மனைவிக்கு முன்சீட். நடுவில் அவன் மனைவியும் இரண்டு மகள்களும். மிச்சமிருந்தது மாமனாருக்குப் பக்கத்து இடம்தான்.

"தாத்தா ரூமுக்கு வாடகை கட்டணும்ப்பா" என்றாள் சின்னவள். அந்த வரிசைக்கு வீட்டில் அதுதான் பெயர்.

சிரித்துக்கொண்டேதான் ஏறினான்.

ஏழு பேர் உட்காரும் வண்டி அது. யாரோ ஓட்டிச் சலித்துக் கொடுத்ததை வாங்கி, பத்து வருஷமாகக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறான். காலையில் பல் விளக்குவதற்கு முன் அதைத் துடைப்பான். எஞ்சினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. "அடுத்த ஜென்மத்துல உங்க காராப் பொறந்துடறேன்" என்று மனைவி முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வாள்.

இவ்வளவு செய்தவன் கடைசி வரிசையில் மட்டும் உட்கார்ந்ததே இல்லை. ஓட்டுகிறவனுக்கு அங்கே என்ன வேலை?

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கால் நீட்ட இடமில்லாமல் முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. பக்கத்தில் இருந்தது திறக்க முடியாத கண்ணாடி. அது வழியாக வெயில் மட்டும் தாராளமாக வந்தது. முன்னால் மகள்கள் இருவரும் ஒரே சால்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மச்சான், பின்னாடி கொஞ்சம் ஏசி போடுங்களேன்!"

"ஃபுல்லா வச்சிருக்கேன் அத்தான். இங்க பல்லு தந்தியடிக்குது!"

தலைக்கு மேலே இருந்த காற்று வரும் துளையில் இடது உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

கை அங்கேயே நின்றுவிட்டது.

வண்டி வாங்கிய புதிதில் ஒர்க் ஷாப்பில் விட்டிருந்தான். முன்சீட்டுக்கு உறை, பளபளவென்று பாலிஷ், எல்லாம் நடந்தது. ஏசி குழாயில் பின்பக்கம் கசிவு இருக்கிறது, மாற்றிவிடலாமா, இல்லை அடைத்துவிடலாமா என்று மெக்கானிக் கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அடைச்சிடுங்க. பின்னாடி யாரு உக்காரப் போறா? மூட்டை முடிச்சுதானே."

சொன்னதோடு மறந்தும் போனான்.

மனைவியை இழந்த மாமனார் தன் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வந்து சேர்ந்து, அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பயணமானாலும் யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே கடைசி வரிசைக்கு ஏறிவிடுவார். "எனக்கு ஏசி ஒத்துக்காதும்மா. பின்னாடிதான் சௌகரியம்" என்பார். வீடே நம்பியது. அதே மனிதர் பென்ஷன் வாங்க பேங்குக்குப் போனால், அங்கே ஏசி குளிரில் மதியம் வரை உட்கார்ந்துவிட்டு வருவார். கேட்டால், கூட்டம் என்பார். அதையும் வீடே நம்பியது.

அவனுக்குக் காது மடல் வரை சுட்டது. அது வெயிலால் வந்த சூடு இல்லை.

மாமனார் மடியிலிருந்த பையைத் திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள், நனைத்துப் பிழிந்து மடித்து வைத்த கைக்குட்டைகள்.

"உங்களுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன் மாப்ள. பின்கழுத்துல போட்டுக்குங்க. கொஞ்ச நேரத்துல பழகிடும்."

வாங்கிக்கொண்டான். கைக்குட்டை சில்லென்று இருந்தது. கழுத்தில் போடக் கை வரவில்லை.

"மாமா... அந்தக் குழாய... நான்தான்..."

மாமனார் முன்னால் தெரிந்த மகளின் பின்தலையைப் பார்த்தார். பிறகு அவன் காதோரம் குனிந்தார்.

"மெதுவாப் பேசுங்க. அன்னிக்கு ஒர்க் ஷாப்புல உங்க பின்னாடிதானே நின்னுட்டிருந்தேன்."

ஆமாம். கூட அழைத்துப் போனதே அவன்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே, வெளியே வந்த மாதிரி இருக்கட்டும் என்று. அழைத்துப் போனவனுக்கு அவர் அங்கே நின்றது நினைவில் இல்லை. பத்து வருஷம் கழித்து அவர் சொல்லித்தான் தெரிகிறது.

பொறுக்க முடியவில்லை. சொல்லிவிடலாம், இப்போதே, எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்தாம்மா..." என்று மனைவியைக் கூப்பிட்டேவிட்டான்.

அவள் திரும்பினாள். அவன் முகத்தையும் கையிலிருந்த ஈரத்துணியையும் பார்த்தாள்.

"என்னாச்சு? ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சிரித்துக்கொண்டே முந்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா. மாப்ளைக்கும் ஏசி ஒத்துக்கலையாம்."

அவன் அந்த ஈரக் கைக்குட்டையை விரித்து முகத்தை மூடிக்கொண்டான். வண்டி போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் யார் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும், அந்த மூலைக்கும் காற்று போய்ச் சேரட்டும்.