எட்டடித் தொட்டி

சாயங்கால வெயில் டியூஷன் அறை ஜன்னல் வழியாக விடைத்தாளில் விழுகிறது. கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று. இன்னொரு முறை கோட்டைவிட்டால் மகளின் பெயரைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்கள். தையல்காரி தவறான விடையைச் சுற்றியிருக்கும் சிவப்புச் சுழியை விரலால் தடவுகிறாள். "கேள்வியில தொட்டி நீளம் எட்டடின்னு இருக்கு. நீ ஏன்டி ஆறுன்னு போட்டே?" மகள் நகத்தைக் கடிக்கிறாள். "சார் குடுத்த கணக்குல ஆறுதாம்மா. அப்படியே மனப்பாடம் பண்ணினேன்." "அடுத்தவ அளவுல தைச்சா உனக்குச் சட்டை நிக்குமாடி?" டியூஷன் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் நிதானமாகத் துடைக்கிறார். "நம்பரை மாத்திட்டாங்கம்மா. எட்டடிக்கும் விடை எழுதித் தர்றேன். நாளையிலேருந்து ஒரு மணி நேரம் கூடுதலா இருக்கட்டும்." அவர் எழுதி நீட்டும் எட்டடி விடையை மகள் வாங்கிப் படிக்கிறாள். தையல்காரி ஏதோ கேட்க வாயெடுக்கிறாள். மகளின் கண்கள் ஏற்கெனவே மூடியிருக்கின்றன. உதடுகள் மட்டும் வேகமாக அசைகின்றன. "பேசாதம்மா, மறந்துடும்."