தீவுக்குப் போன அப்பா

அக்கா பெண் சூடாமணி எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தோடு ரமணி வேளிக் காயல் கரைக்கு ஓடிவந்தபோது மணி பத்து. பதினொன்றுக்கு சூடாமணிக்கு ரிஜிஸ்டர் கல்யாணம். பையன் வேறு ஜாதி. அதைத் தடுக்கக் கூடியவர் அவள் அப்பா சாம்பசிவன் ஒருத்தர்தான். அவரோ ஆபீஸ்காரர்களோடு ஒருநாள் பயணம் போயிருந்தார். ஊர்க் கோட்டையிலிருந்து காயல் வரை வாடகை சைக்கிள், பிறகு வள்ளத்தில் ஏறித் துடுப்பால் துழைந்து தீவு, அங்கே நீச்சல்.

ரமணி ஒரு வள்ளக்காரரைக் கெஞ்சித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தான். அத்திம்பேர் சாம்பசிவன் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தார்.

"அத்திம்பேர், சூடாமணி ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிட்டா. அக்கா அழுதுண்டிருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவா. கிளம்புங்கோ."

"கால் மரத்துப்போச்சுடா. கொஞ்சம் பொறு."

அவர் கரையேறி, வேட்டியைத் தேடிக் கட்டுவதற்குள் அரைமணி போய்விட்டது. வரும் வழியில், "நானும் துழையறேன்" என்று வாங்கிய துடுப்பைத் தண்ணீரில் நழுவவிட்டார். அதை மீட்க வள்ளக்காரர் வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. நடுக்காயலில் மணி பதினொன்றைத் தாண்டியது.

ரமணி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான். "எல்லாம் முடிஞ்சுது அத்திம்பேர். ஒரு மாசம் முன்னாடியே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டியிருப்பாளே. நம்மள்ல ஒருத்தர் கண்ணுலயும் படலையே."

"என் கண்ணுல பட்டுது" என்றார் சாம்பசிவன். "அன்னிக்குத்தான் இந்தப் பயணத்துக்குப் பேர் கொடுத்தேன். குழந்தைகிட்ட வேண்டாம்னு சொல்ல மனசு வரலை. உன் அக்காகிட்ட சரின்னு சொல்ல தைரியம் வரலை. நான் வேற என்னடா பண்ணுவேன்?"